கூரை முதலில், ஃபான் பிறகு

ஏப்ரல் 15 அளவில், சித்திரைப் புத்தாண்டுப் பலகாரம் தீருமுன்னரே, யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றில் நண்பகல் 12 மணி 10 நிமிடத்துக்கு ஒரு கம்பை நிமிர்த்தி நட்டுப் பாருங்கள். நிழல் விழாது. சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆகஸ்ட் 28 அளவில், சந்நிதி முருகன் கோவிலின் ஆவணித் திருவிழாவை ஒட்டி, அதே காட்சி இன்னொருமுறை கிடைக்கும். இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட நாலரை மாதமும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆனி மாதத்தில் உச்சியிலிருந்து வடக்கே 13, 14 பாகை சரிந்திருக்கும்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டைக் குளிர்மையாக வைப்பது பற்றி வெளியாகும் ஆலோசனைகளில் பாதி, சூரியன் எப்போதும் தெற்கே சரிந்து நிற்கும் நாடுகளில் எழுதப்பட்டவை. தெற்கு யன்னலை மறை, வடக்கு யன்னலைப் பெரிதாக வை என்று அவை சொல்லும். லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அது சரி. வைகாசி வெயிலில் தொண்டைமானாற்றில் வெயில் படும் சுவர் வடக்குச் சுவர். அதிலும் முக்கியமானது, சுவரெல்லாம் பிறகுதான். உச்சிச் சூரியனின் அடி முழுவதையும் வாங்குவது கூரை.

இரண்டாவது விடயம் இரவு. ராஜஸ்தானிலோ மதுரைக்கு அப்பாலுள்ள கரிசல் காட்டிலோ பகல் எரிந்தாலும் இரவில் வெப்பம் நன்றாக இறங்கும். அங்கே தடித்த சுவர் பகல் வெப்பத்தை வாங்கி இரவில் விட்டுவிடும். நமக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நீரேரி. வைகாசியில் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் ஐந்தாறு பாகைதான். பகலில் சுவரும் கொங்கிறீற் தட்டும் குடித்த வெக்கையை வாங்கிக்கொள்ள இரவுக்குத் திராணி இல்லை. ஆகவே, "அந்தக் காலத்துக் கல்வீடு, சுவர் இரண்டடித் தடிப்பு, அதுதான் குளிர்மை" என்று சொல்லப்படுவதை அரைவாசிதான் நம்ப வேண்டும். அந்த வீடுகள் குளிர்ந்தது சுவரால் மட்டுமல்ல. தாழ இறங்கிய கூரை சுவரில் வெயில் படவிடவில்லை. முற்றமும் விறாந்தையும் காற்றை நிற்கவிடவில்லை. தடித்த சுவரை மட்டும் கட்டி அதில் வெயில் விழவிட்டால் இரவு பன்னிரண்டு மணிக்கும் அது அடுப்புக் கல்தான்.

எனவே இந்த ஊரில் ஒழுங்கு இப்படித்தான் இருக்க வேண்டும்: வெயிலை வீட்டின் மேல் ஏறவிடாமல் தடுப்பது முதலாவது. காற்றுக்கு வழிவிடுவது இரண்டாவது. மின்சாரத்துக்குக் காசு செலவழிப்பது கடைசி. நாம் பெரும்பாலும் கடைசியிலிருந்துதான் தொடங்குகிறோம்.

கூரை

மேசனிடம் கேட்டால் "தட்டாப் போட்டுவிடுங்கோ அக்கா, ஓடு மாத்துற கரைச்சல் இல்லை, பிறகு மேலே ஒரு மாடியும் எழுப்பலாம்" என்பார். அவர் சொல்வதில் பிழை இல்லை. மழைக்கும் புயலுக்கும் கொங்கிறீற் தட்டு நல்லது. ஆனால் நிழலில்லாத கொங்கிறீற் தட்டின் மேற்பரப்பு உச்சி வெயிலில் 60 பாகையைத் தொடும். அந்த வெக்கை மெல்ல மெல்லக் கீழிறங்கி, நீங்கள் படுக்கைக்குப் போகும் நேரத்தில்தான் அறைக்குள் முழுதாக வந்து சேரும். அறைக்குள்ளிருக்கும் காற்று 31 பாகையாக இருந்தாலும் தலைக்கு மேலுள்ள தட்டு உங்கள் உடம்பை நேரே சுட்டுக்கொண்டிருக்கும். ஃபானைக் கூட்டினால் தட்டுக்குக் கீழே தேங்கிய சூட்டைத்தான் அது அள்ளி இறக்கும். இரவு ஒன்பது மணிக்குக் கதிரையில் ஏறிக் கையை உயர்த்தி உட்கூரையைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதென்றால் உங்கள் காசு முதலில் போகவேண்டிய இடம் அதுதான்.

மிக மலிவான வைத்தியம் வெள்ளை. யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. சுண்ணாம்புக்கு நாம் வேறெங்கும் போகவேண்டியதில்லை. நீற்றுச் சுண்ணாம்பை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிட்டு, மறுநாள் துணியில் வடித்து, பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். தட்டைக் கூட்டி, பாசி இருந்தால் தேய்த்துக் கழுவி, ஈரம் காயுமுன் மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும். தடிப்பாக ஒருமுறை அடித்தால் உரிந்துவிடும். மெல்லியதாக மூன்றுமுறை அடித்தால் பிடித்து நிற்கும். வேலையை அதிகாலையில் அல்லது பின்னேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் அடித்தால் பூச்சு பிடிக்குமுன் காய்ந்து மாவாகிவிடும். அடிப்பவருக்கும் கண் கூசும். சுண்ணாம்பு கண்ணைச் சுட்டுவிடும் என்பதால் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். மார்கழி மழை ஓய்ந்த பின் மாசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ அடித்தால் அந்த ஆண்டு வெக்கைக் காலம் முழுவதும் நிற்கும். அடுத்த மாரியில் கரைந்து மங்கிவிடும். திரும்ப அடிக்க வேண்டியதுதான். இது ஒரு கரைச்சல் என்று நினைப்பவர்கள் கூரைக்கென்றே விற்கும் வெள்ளை வர்ணத்தை வாங்கலாம். விலை கூட, ஆனால் சில ஆண்டுகள் நிற்கும். கட்டடக் கூரைகளைக் குளிர்மையாக்குவதற்கென்று இந்தியாவில் தெலங்கானா மாநிலம் 2023 இல் தனிக் கொள்கையே வகுத்தது. அகமதாபாத் நகரம் 2010 வெப்ப அலையில் பெருந்தொகையானோரை இழந்த பின், 2013 இல் வகுத்த வெப்பத் திட்டத்தின் தொடர்ச்சியாக ஏழை வீட்டுக் கூரைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கியது.

தகரக் கூரைக்குச் சுண்ணாம்பு வேண்டாம். அது துத்தநாகப் பூச்சை அரிக்கும். கடற்காற்றின் உப்பு ஏற்கெனவே தகரத்தைத் தின்றுகொண்டிருக்கும் ஊரில் நாமும் சேர்ந்து தின்னவேண்டியதில்லை. அதற்கு வெள்ளை வர்ணம்தான். அஸ்பெஸ்ரஸ் சீற் போட்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கம்பித் தூரிகையால் உலரத் தேய்க்கவோ, அறுக்கவோ, துளையிடவோ கூடாது. கிளம்பும் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஏறி மிதித்தால் உடையவும் செய்யும். அந்தக் கூரைக்கு மேலே கைவைப்பதைவிட உள்ளே சீலிங் அடிப்பதே நல்லது.

தகரச் சீற் கூரைக்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த வழி கிடுகு. சீற்றுக்கு மேல் கிடுகைப் பரப்பி, அதன்மேல் பனைமட்டையோ கயிறோ போட்டு இழுத்துக் கட்டுவார்கள். பார்க்க அழகில்லை என்று சிலர் வெட்கப்படுவார்கள். ஆனால் இது கூரைக்குக் குடை பிடிப்பதுதான். வெயில் கிடுகோடு நின்றுவிடும், இடையில் காற்று ஓடும், சீற் சுடாது. இரண்டு எச்சரிக்கை: குசினிப் புகைபோக்கிக்குப் பக்கத்தில் கிடுகு வேண்டாம், சோளகக் காற்றுக்கு முன் கட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள். பாகல், புடோல், சுரை எதையாவது கூரையில் படரவிட்டாலும் இதே பலன் கிடைக்கும், கறிக்கும் ஆகும்.

ஓட்டு வீட்டுக்காரருக்குப் பிரச்சினை குறைவு. ஓடுகளுக்கிடையில் காற்று கசியும். அவர்கள் ஓட்டின் கீழே மினுங்கும் அலுமினியத் தாள் அடிப்பதாயின், தாளுக்கும் ஓட்டுக்கும் இடையில் ஓர் அங்குலமாவது வெளி விடச் சொல்லுங்கள். ஓட்டோடு ஒட்டிக் கிடந்தால் அது வெறும் உலோகத் தகடு, வெக்கையைக் கடத்திவிடும். மினுங்கும் பக்கம் கீழ்நோக்கி இருந்தால் தூசு படியாது. சீலிங் அடிப்பவர்கள் இரண்டு முகட்டுச் சுவரிலும் காற்றுத் துவாரம் விட்டு, அணில் வராதபடி வலை அடிக்க வேண்டும். துவாரமில்லாத சீலிங்கின் மேலே நாள் முழுதும் சூடான காற்று அடைபட்டுக் கிடக்கும்.

கூரை பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. போருக்குப் பின், 2015–16 அளவில், வடக்கு கிழக்கில் 65,000 உருக்குப் பொருத்து வீடுகளை அமைக்கும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. ஊரெழுவில் மாதிரி வீடுகளும் எழுந்தன. அவற்றுக்கு எதிராக எழுந்த கேள்விகளில் இந்த வெயிலில் அந்த வீட்டுக்குள் எப்படி இருப்பது என்பதும் ஒன்று. வீட்டின் விலையைக் கேட்பவர்கள் அந்த வீட்டில் சித்திரை மாத மத்தியானம் ஒன்று எப்படிப் போகும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வெயில் படும் சுவரும் காற்று வரும் சுவரும்

வடக்கு யன்னலுக்கு மேல் ஓரடி நீளத் தாழ்வாரம் போதும். நாலடி உயர யன்னலை ஆனி மாத நண்பகல் வெயிலில் இருந்து அது முழுதாக மறைக்கும். கிழக்கும் மேற்கும் அப்படியல்ல. பின்னேரம் நாலு மணிச் சூரியன் தாழ்ந்து நேரே யன்னலுக்குள் பார்க்கும். மேலே எவ்வளவு நீட்டினாலும் மறைக்காது. வைகாசி, ஆனியில் அது வடமேற்கில் சாயும். அந்தப் பக்கத்துக்கு நிமிர்ந்து நிற்கும் மறைப்பு வேண்டும்: பனையோலைத் தட்டி, கிடுகுத் தட்டி, மூங்கில் சுருள், மல்லிகைப் பந்தல், எதுவாயினும். அது வெளியே இருக்க வேண்டும். உள்ளே தொங்கும் திரைச்சீலை கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலைத்தான் பிடிக்கிறது. பிடித்த வெக்கை அறைக்குள்தான் இருக்கும். வெளிநாட்டிலிருந்து காசு வரும் வீடுகளில் மேற்கு முகப்பு முழுவதும் கண்ணாடி வைக்கும் பழக்கம் இப்போது பரவுகிறது. ஆடி மாதத்தில் இரண்டு கிழமை வந்து நிற்பவர்கள் ஏசி போட்டுச் சமாளித்துவிடுவார்கள். மிச்ச ஐம்பது கிழமையும் அந்த வீட்டைக் காவல் காக்கும் அம்மாவும் அப்பாவும் பின்விறாந்தையில்தான் இருப்பார்கள்.

மேற்கில் ஒரு வேம்பு நின்றால் இதெல்லாம் தேவையே இல்லை. சுவரிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி வையுங்கள். முருங்கை விரைவில் வளரும், சோளகத்தில் முறியும். பனை நிழலுக்கு உதவாது, ஆனால் அதன் கீழே காற்று தடையில்லாமல் வரும். கிணற்றடிக் கழிவுநீர் ஓடும் பக்கத்தில் வாழைக் கும்பல் வைப்பது நம் பழைய வழக்கம். அந்தப் பக்கச் சுவருக்கு அதைவிட மலிவான நிழல் கிடையாது.

காற்றுக்கு வருவோம். வைகாசி தொடக்கம் சோளகம். தொண்டைமானாற்றுக்கு அது தென்மேற்கிலிருந்து, அச்சுவேலிப் பக்கமிருந்து வரும். அந்தப் பக்க யன்னலை அலுமாரியால் மறைத்து வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். அலுமாரியை நகர்த்துவதற்கு மின்சார சபையின் அனுமதி தேவையில்லை. காற்று உள்ளே வந்தால் மட்டும் போதாது, வெளியேறவும் வழி வேண்டும். எதிர்ப்புறத்தில் வடகிழக்கு யன்னலும், இடையில் உள்ள அறைக் கதவும் திறந்திருக்க வேண்டும். கதவைப் பூட்டிப் படுப்பவர்கள் நிலைக்கு மேலே காற்றுவெளி விடலாம். பழைய வீடுகளில் அதற்கென்றே மரச்சட்டங்கள் வைத்திருப்பார்கள். எந்த யன்னலால் காற்று வருகிறது, எங்கே முட்டி நிற்கிறது என்பதை ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு அறை அறையாக நடந்தால் புகையே காட்டிவிடும்.

சோளகத்துக்கு முந்திய பங்குனி, சித்திரைதான் மிகக் கொடுமை. பெருங்காற்று இராது. பகலில் வடக்கே கடலிலிருந்தும் இரவில் தெற்கே தரையிலிருந்தும் வரும் மெல்லிய காற்றுத்தான். ஆகவே வடக்கு யன்னலும் தெற்கு யன்னலும் இரண்டுமே வேண்டும். வடக்கு யன்னலுக்கு இரும்புக் கம்பியும் இரும்புப் பிணைச்சலும் போட்டால் உப்புக்காற்றில் துருப்பிடித்துத் திறக்க முடியாமல் போகும். திறக்க முடியாத யன்னல் சுவர்தான்.

இனி, மதில். எங்கள் வளவுகளைச் சுற்றி முன்பு கிடுகு வேலி, பனையோலை வேலி, கிளுவை, பூவரசு. கண்ணை மறைக்கும், காற்றை விடும். இப்போது ஆறடி மதில். அதன் உயரமும் யன்னலின் உயரமும் ஒன்று. இரண்டுக்கும் இடையில் எட்டடி வெளிகூட இல்லாத சின்ன வளவில், சோளகம் மதிலில் முட்டி மேலே ஏறி வீட்டைத் தாண்டிப் போய்விடும். களவுப் பயமும் எல்லைப் பிரச்சினையும் இருக்கும்போது மதிலே கட்டாதே என்று சொல்ல முடியாது. தென்மேற்குப் பக்கத்தில் மட்டுமாவது மேல் மூன்றடியைத் துளையுள்ள சிமெந்துக் கற்களால் அல்லது கம்பி வலையால் கட்டலாம். வளவு முழுக்கச் சிமெந்துக் கல் பதிப்பதும் இப்படித்தான். கூட்டுவதற்கு லேசு, ஆனால் பின்னேரம் முழுக்க அந்தக் கல்லிலிருந்து எழும் வெக்கை யன்னலால் வீட்டுக்குள் வரும். வாகனம் ஏறும் இரண்டு தடங்களுக்குப் போடுங்கள், மிச்சம் மணலாகவே கிடக்கட்டும்.

நுளம்பு வலை ஒரு சங்கடம். டெங்கு உள்ள ஊரில் வலை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நெருக்கமான வலை காற்றைக் கணிசமாகக் குறைக்கும்; தூசு படிந்த வலை இன்னும் கூட. மாதம் ஒருமுறை கழுவுங்கள். இரவில் யன்னலைத் திறந்துவிட்டுக் கட்டிலுக்கு வலை கட்டிப் படுப்பது அறை முழுவதையும் வலையால் அடைப்பதைவிடக் குளிர்மை. பகலில் கடிக்கும் டெங்கு நுளம்புக்கு வளவில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்ப்பதுதான் மருந்து.

தண்ணீர் தெளிப்பது பற்றி ஒரு சொல். பின்னேரம் முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்தால் இதமாக இருப்பது உண்மை. ஆனால் தட்டுக்கும் கூரைக்கும் மணிக்கணக்கில் தண்ணீர் அடிப்பது நமக்கு ஒத்துவராது. குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை. குடிப்பதும் குளிப்பதும் பெரும்பாலும் நிலத்தடி நீரில். கூட இறைத்தால் கிணறு உவர்க்கும், உவர்த் தண்ணீர் பட்டால் தகரம் துருப்பிடிக்கும். ஈரப்பதம் கூடிய இந்தக் கரையில் தண்ணீர் ஊற்றி இயக்கும் 'கூலர்' பெட்டிகளும் வீண். ஏற்கெனவே நனைந்த காற்றில் தண்ணீர் லேசில் ஆவியாகாது, புழுக்கம்தான் கூடும்.

குசினியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வெளிக்குசினி இருந்தால் வெக்கைக் காலத்தில் அதையே பாவியுங்கள். உள்ளே சமைப்பதென்றால் காலை எட்டு மணிக்குள் முடித்து, புகை போகும் யன்னலைத் திறந்து, நடுவீட்டுக் கதவைச் சாத்துங்கள். இரவுக்குப் புதிதாக அடுப்பு மூட்டாமல் இருப்பது சமைப்பவருக்கும் ஓய்வு.

மின்சாரக் கணக்கு

போர்க்காலத்தில், 1990 தொடக்கம் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரமே இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். வெக்கைக்கு விறாந்தையும் முற்றமும்தான். 2022 பங்குனி முடிவில் நாடு முழுவதும் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது இளையவர்களும் அதைக் கொஞ்சம் அறிந்துகொண்டார்கள். அதன் பின் 2022 ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. பிறகு ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி. ஆகவே விலையை இங்கே எழுதிப் பயனில்லை. ஆனால் பட்டியலின் அமைப்பில் ஒன்றைத் தெரிந்து வைத்திருங்கள்: மாதம் 60 யூனிற் என்பது ஒரு கடவை. அதற்குள் நின்றால் குறைந்த வீதங்கள். 61 ஆவது யூனிற்றைத் தொட்டதும் முதல் 60 யூனிற்றுக்குமே வேறு, கூடிய வீதம். அதோடு 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் நிலையான கட்டணமும் ஏறும். வாசிப்பு 30 நாளுக்கு மேல் பிந்தினால் நாட்கணக்குப்படி இந்த எல்லையும் நகரும். ஆகவே பில்லில் உள்ள நாட்களையும் பாருங்கள்.

சாதாரணக் கூரை ஃபான் ஒன்று ஏறத்தாழ 75 வாற்று இழுக்கும். பத்து மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 22 யூனிற்றுக்குச் சற்று மேல். இரண்டு ஃபான் என்றால் 45. இப்போது வரும் பிஎல்டிசி மோட்டார் ஃபான்கள் அதே காற்றுக்கு 30 வாற்று அளவில் போதும் என்கின்றன. இரண்டுக்கும் 18 யூனிற். மிச்சம் 27. மாதம் 80 யூனிற் ஓடும் வீடு 53 க்கு இறங்கிவிடும், கடவைக்குள் வந்துவிடும். ஃபானின் விலை இரட்டிப்பாக இருந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கடைக்காரர் சொல்வதைக் கேட்காமல் பெட்டியில் அச்சிட்ட வாற்றை வாசியுங்கள்.

ஃபான் அறையைக் குளிராக்காது. உடம்பின் வியர்வையை உலர்த்துகிறது, அவ்வளவுதான். ஆளில்லாத அறையில் ஓடும் ஃபான் தன் மோட்டார்ச் சூட்டையும் அங்கே சேர்க்கிறது. இறக்கையில் படிந்த தூசைத் துடைப்பதும், காற்று போதாத பழைய ஃபானுக்குக் கொண்டென்சர் மாற்றுவதும் சின்ன வேலைகள். பிறிஜ் சுவரோடு ஒட்டி நின்றால் அரையடி முன்னுக்கு இழுங்கள். வெயில் படும் சுவரோரம் என்றால் இடத்தையே மாற்றுங்கள்.

தட்டு வீட்டுக்காரருக்குச் சூரிய மின்தகடு இரட்டைப் பலன். 2016 செப்டெம்பரில் தொடங்கிய சூரிய பல சங்கிராமய திட்டத்தின் பின் கூரைத் தகடுகள் நாட்டில் பரவின. தட்டுக்கு மேலே ஓரடி உயர்த்திப் பொருத்தினால் தகடு மின்சாரமும் தரும், கீழே நிழலும் தரும். கரையோரத்தில் பொருத்துபவரிடம் அலுமினியச் சட்டமும் துருப்பிடிக்காத உருக்கு ஆணியும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஏசி வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. படுக்கையில் இருக்கும் வயோதிபர், இதய நோயாளர் இருக்கும் வீட்டில் ஓர் அறைக்கு அது நியாயம். சின்ன அறையாகப் பாருங்கள். மேற்குச் சுவர் இல்லாத அறையாக இருந்தால் இன்னும் நல்லது. கூரைக்கு வெள்ளையோ சீலிங்கோ முதலில். கதவிடுக்கை அடைத்து, 26 பாகையில் வைத்து, ஃபானையும் மெல்ல ஓடவிட்டால் 22 பாகையில் போர்த்திக்கொண்டு படுப்பதைவிடப் பில் வெகுவாகக் குறையும். ஒரு தொன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிற் போகும். எட்டு மணித்தியாலத்தை முப்பது இரவுகளால் பெருக்கினால் 60 என்ற கடவை எங்கே நிற்கிறது என்று தெரியும். இன்வேர்ட்டர் வகை அறை குளிர்ந்த பின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் வாங்குவதானால் அதையே வாங்குங்கள்.

வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடும் நாட்களில் மேலே சொன்ன எதுவும் போதாமல் போகலாம். அந்த எண் வெப்பத்தோடு ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடுவது. நம் கரைக்கு அதுதான் சரியான அளவு. அன்றைக்கு வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் தட்டுக்குக் கீழுள்ள மேல்மாடி அறையில் விடாமல் கீழ் வீட்டுக்கோ மரநிழலுக்கோ கொண்டுவாருங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் மோரோ இளநீரோ கொடுங்கள். சிறுநீரகம், இதயம் தொடர்பான மருந்து எடுப்பவர்களுக்கு எவ்வளவு என்பதை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பேச்சுத் தடுமாறினால், உடம்பு கொதித்தால், நினைவு மங்கினால் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விசிறிக்கொண்டே வல்வெட்டித்துறை வைத்தியசாலைக்கோ மந்திகையில் உள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்கோ உடனே புறப்படுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.